பக்கத்து வரியையும் படிங்க

(வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அக்கா வணக்கம். நான் ஆம்பூர்ல இருந்து எழுதறேன். போன தீபாவளி சமயத்துல தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து ஒருத்தர் எங்க சித்தப்பா பையனுக்கு ஃபேஸ்புக்ல மெசேஜ் பண்ணாரு. அவரோட கொள்ளுப்பாட்டி பேரு முனியம்மாவாம், பேரணாம்பட்டு பக்கமாம், 1902ல நெட்டாலுக்கு (டர்பன் இருக்கற அந்த காலனிக்கு) கப்பல்ல வந்தவங்களாம், அண்ணன் பேருன்னு அவங்க வீட்ல சொல்லிட்டு வந்த பேரு எங்க தாத்தாவோட அப்பா பேரு. எங்க தாத்தாவுக்கு ஒரு அத்தை இருந்தாங்கன்னு நாங்க யாரும் கேள்விப்பட்டதே இல்ல. 84 வயசு பெரியம்மாவ கேட்டா "அது ஓடிப்போன கழுத, அது பேச்சு இப்ப எதுக்கு"ன்னு சொல்லிட்டு வெத்தலைய மடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. டர்பன்காரர் கப்பல் ரிஜிஸ்டர் பக்கத்த போன்ல போட்டோ எடுத்து அனுப்பினாரு, உங்களுக்கும் வச்சிருக்கேன். அதுல வயசு 20, அப்பா பேருல ஒரு எழுத்து வேற, ஜாதின்னு போட்டிருக்கறது எங்க ஜாதியே இல்ல. இவங்க எங்க வீட்டு பொண்ணு தானா? நிஜமாவே ஓடிப்போனாங்களா? அடுத்து எங்க தேடறது?

வாசகி, ஆம்பூர்

பதில்: முதல்ல உங்க பெரியம்மாவுக்கு ஒரு கும்பிடு. "அப்படி யாரும் இல்ல"ன்னு அவங்க சொல்லல, "ஓடிப்போன கழுத"ன்னு தான சொன்னாங்க, அப்போ அப்படி ஒருத்தி இருந்தா, 120 வருஷம் கழிச்சும் அவ மேல கோவம் இருக்கு. உங்களுக்கு கிடைச்ச முதல் சாட்சி இந்த திட்டு தாங்க. அவங்கள திரும்பவும் கேளுங்க, ஆனா "ஏன் ஓடினா"ன்னு கேக்காதீங்க, "அவ குழந்தை என்ன ஆச்சு"ன்னு கேளுங்க.

குழந்தையா, எந்த குழந்தைன்னு தான கேக்கறீங்க. நீங்க அனுப்பின போட்டோவ பெரிசு பண்ணி பாருங்க. டர்பன்காரர் முனியம்மா வரிய மட்டும் தெளிவா எடுக்கணும்னு போன கிட்ட கொண்டுபோயிருக்காரு, ஆனா கீழ அடுத்த வரியும் பாதி விழுந்திருக்கு. அதுலயும் தாலுக்கா குடியாத்தம், ஊர் பேரு அதே கோணல் எழுத்து, வயசு 3, ஆண். நெட்டால் போன ஒவ்வொருத்தருக்கும் கலோனியல் நம்பர்னு ஒண்ணு குடுத்தாங்க, கைக்குழந்தைக்கு கூட தனி நம்பர். ஒண்ணா பதிஞ்சவங்களுக்கு நம்பர் பெரும்பாலும் வரிசையா வரும். அதனால அந்த மூணு வயசு பையன் இவங்க மகனா இருக்கத்தான் நிறைய வாய்ப்பு. இப்போ விஷயத்துக்கு வரேன், முனியம்மா வரில 'அப்பா பேரு' கட்டத்துல இருக்கறது அவங்க அப்பாவா இருக்கலாம், ஆனா அந்த பையன் வரில அதே கட்டத்துல இருக்கற பேரு யாருது? அவங்க புருஷனோடது! உங்க போட்டோல அந்த கட்டம் கட்டாயிருக்கு, பாதி எழுத்து கூட தெரியல. முழு பக்கத்தையும் கேளுங்க, முடிஞ்சா முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் சேத்து கேளுங்க.

காலனி காலத்து பொம்பளைங்கள தேடறதுல பாதி வேலை இதுதான். அவங்க பேருல மட்டும் தேடினா கிடைக்க மாட்டாங்க, பக்கத்துல எழுதியிருக்கற ஆம்பளை, குழந்தை, முதலாளி, நம்பர் இத வச்சு தான் புடிக்கணும்.

நெட்டால் கதைய தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடறேன். கரும்பு தோட்டத்துக்கு ஆள் வேணும்னு 1860ல இங்கிருந்து ஒப்பந்தக் கூலியா கூட்டிட்டு போக ஆரம்பிச்சாங்க, மெட்ராஸ்ல இருந்து கிளம்பின ட்ரூரோங்கற கப்பல் 342 பேரோட நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய் சேந்துச்சு, அங்கிருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேர் போயிருக்காங்க, அதுல பெரும்பகுதி நம்ம மெட்ராஸ் துறைமுகம் வழியா போனவங்க. அஞ்சு வருஷ ஒப்பந்தம். ஆம்பளைக்கு முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங், பொம்பளைக்கு அதுல பாதி. கப்பல் லிஸ்ட்ல கலோனியல் நம்பர், பேரு, அப்பா பேரு, வயசு, ஆணா பொண்ணா, ஜாதி, ஜில்லா, தாலுக்கா, ஊர், உயரம், உடம்புல அடையாளம், எந்த முதலாளிகிட்ட போனாங்கங்கறது வரைக்கும் இருக்கு. நம்ம ஊர்லயே இருந்து செத்த அவங்க அண்ணன பத்தி இவ்வளவு விவரம் எந்த சர்க்கார் ஏட்டுலயும் இருக்காது, பாருங்க வேடிக்கைய.

உங்க போட்டோல அடையாளம்னு வலது முழங்கைல தழும்புன்னு எழுதியிருக்கு, உயரம் 4 அடி 11 அங்குலம். அத படிச்சுட்டு கொஞ்ச நேரம் நான் வேற வேலை எதுவும் பாக்கல.

அடுத்து ஜாதி. அத வச்சு "எங்க வீட்டு பொண்ணு இல்ல"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. இவங்க ஒண்ணு சொல்லியிருப்பாங்க, அந்த கிளார்க் தனக்கு தெரிஞ்ச பேர எழுதியிருப்பாரு, இல்லன்னா இவங்களே வேணும்னு மாத்தி சொல்லியிருக்கலாம், வீட்ட விட்டு வந்த பொண்ணு தேடி வந்துடுவாங்கன்னு பயந்து பேரையே மாத்தி சொல்றப்போ ஜாதிய மாத்தறது ஒரு விஷயமா. நான் அந்த கட்டத்த கடைசியா தான் பாப்பேன். வயசும் அப்படித்தான், 20ன்னா 18ல இருந்து 25க்குள்ள ஏதோ ஒண்ணு.

அப்பா பேருல ஒரு எழுத்து வித்தியாசம் ஒண்ணுமே இல்ல. நம்ம பேர நம்ம வாயால சொல்ல அத இங்கிலீஷ்ல எழுதினது இன்னொருத்தர், அத பின்னாடி கம்ப்யூட்டர்ல ஏத்தினது தமிழே தெரியாத வேறொருத்தர். முனியம்மாங்கற ஒரு பேரே மூனியம்மா, மூனியாமா, முன்னம்மான்னு விதவிதமா வரும். 'மு'வுக்கு யூ போட்டும் தேடுங்க, ரெண்டு ஓ போட்டும் தேடுங்க, கடைசில வர்ற 'ள்' இருக்கற மாதிரியும் இல்லாத மாதிரியும் தேடுங்க. டர்பன் பக்கம் குடும்பப் பேருங்க மாறினதையும் ஞாபகம் வச்சுக்கோங்க, கவுண்டர் அங்க கோவெண்டர், முதலி அங்க மூட்லி, முனுசாமி அங்க மன்சாமி. இப்போ இதெல்லாம் சர்நேம் ஆயிடுச்சு, ஜாதின்னு நினைச்சு குழம்பாதீங்க.

ஊர் பேரு இன்னும் மோசம். நான் ஒரு தடவ ஒரு குடும்பத்துக்காக ஆரணின்னு எழுதியிருந்தத நம்பி நாலு மாசம் திருவண்ணாமலை பக்கத்து ஆரணிலயே சுத்தினேன், கோயில் பூசாரில இருந்து பட்டு கடைக்காரர் வரைக்கும் எல்லாரையும் தொல்லை பண்ணேன், கடைசில பாத்தா அவங்க செங்கல்பட்டு ஜில்லா ஆரணி, அதாவது இப்போ திருவள்ளூர் மாவட்டத்துல பெரியபாளையம் பக்கம் இருக்கறது. ஜில்லா கட்டத்த முதல்லயே ஒழுங்கா படிச்சிருந்தா பஸ் காசு மிச்சம். உங்க விஷயத்துல ஜில்லா வட ஆற்காடுன்னு இருக்கு, சரியா தான் இருக்கு, ஆனா 1902ல வட ஆற்காடுன்னா இன்னைக்கு இருக்கற வேலூர், ராணிப்பேட்டை பக்கம், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள்ல ஒரு பகுதி, இதோட சித்தூர் பக்கமும் அதுக்குள்ள தான், 1911ல தான் சித்தூர் தனி ஜில்லா ஆச்சு. அதனால ஊர் பேரு தெலுங்கு மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க.

இப்போ அந்த "ஓடிப்போனா" கேள்வி. கப்பல்ல 100 ஆம்பளைக்கு 40 பொம்பளையாவது இருக்கணும்னு சர்க்கார் விதி வச்சிருந்துச்சு, குடும்பம் குடும்பமா கிளம்பினவங்க அவ்வளவு பேர் இல்ல, அதனால ஆள்புடிக்கறவங்களுக்கு தனியா நிக்கற பொம்பளைங்க தேவைப்பட்டாங்க. விதவைங்க, புருஷன் விட்டுட்டு போனவங்க, மாமியார் கொடுமை தாங்காதவங்க, பஞ்சத்துல கஞ்சிக்கு வழியில்லாதவங்க. 20 வயசுல 3 வயசு பையனோட, புருஷன் இல்லாம (முழு பக்கம் வந்தா மேல் வரில ஒரு ஆம்பளை இருக்காரான்னு பாருங்க, இருந்தா நான் சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன்) ஒரு பொண்ணு மெட்ராஸ் டிப்போ (கப்பல் ஏத்தற வரைக்கும் ஆளுங்கள வச்சிருந்த இடம்) வரைக்கும் போயிருக்கான்னா, அவள வீட்ல வச்சுக்கறதுக்கு யாருமே இல்லங்கற பக்கத்தையும் கொஞ்சம் யோசிங்க. ஓடிப்போனவன்னு அவளுக்கு பேரு வச்சவங்க அவ அண்ணன் வீட்டுக்காரங்க. நான் உங்க குடும்பத்த குறை சொல்றேன்னு நினைக்காதீங்க, எங்க வீட்லயும் இப்படி ஒருத்தி இருக்கா, அவ கண்டிக்கு போனவ.

அங்க போன பிறகு அவங்க பட்டதும் கொஞ்சநஞ்சம் இல்ல. 1895ல நெட்டால்ல ஒரு சட்டம் போட்டாங்க, ஒப்பந்தம் முடிஞ்சும் ஊருக்கு திரும்பாம, மறுபடி ஒப்பந்தமும் போடாம இருந்தா வருஷம் 3 பவுண்டு வரி. பொம்பளைக்கும் அதே 3 பவுண்டு. 3 பவுண்டுன்னா 60 ஷில்லிங், முதல் வருஷ கூலி கணக்குல பாத்தா முனியம்மாவுக்கு முழுசா பன்னெண்டு மாச சம்பளம். 1903ல பிள்ளைங்களுக்கும் வரிய நீட்டினாங்க, பொண்ணுக்கு 13 வயசுல இருந்து, பையனுக்கு 16ல இருந்து. 1914ல அந்த வரிய எடுத்துட்டாங்க, மூணு வயசுல போன அந்த பையனுக்கு அப்போ 15 தான் இருக்கும், தப்பிச்சான்.

1913 மார்ச்ல தென்னாப்பிரிக்கா கேப் மாகாண கோர்ட்ல நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு குடுத்தாரு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாதுங்கற மாதிரி. நம்ம பொம்பளைங்க கொதிச்சுப் போய் தெருவுக்கு வந்தது அதுக்கு அப்புறம் தான், ஜெயிலுக்கு போய் வந்து 1914 பிப்ரவரி 22ல 16 வயசுல செத்த தில்லையாடி வள்ளியம்மை கூட அந்த போராட்டத்துல தான். அந்த பொண்ணு பொறந்தது ஜோகன்னஸ்பர்க்ல. ஆனா பேருக்கு முன்னாடி நிக்கறது தரங்கம்பாடி பக்கத்துல இருக்கற அவங்க குடும்பத்து ஊரு. ஏட்டுல தேடறவங்களுக்கு இதுவும் ஒரு எச்சரிக்கை தான், பொண்ணுக்கு முன்னாடி ஒரு ஊர் பேரு இருந்தா அவ அங்க தான் பொறந்தான்னு எடுத்துக்காதீங்க.

சரி, அடுத்து என்ன பண்றது. டர்பன் பக்கம் அவர் செய்ய வேண்டியது மூணு இருக்கு. கல்யாண ரிஜிஸ்டர், அங்க இந்தியர்களுக்குன்னு புரொடெக்டர்னு ஒரு அதிகாரி இருந்தாரு, அவர் ஆபீஸ்ல கல்யாணம் பதிஞ்சிருக்காங்க, முனியம்மா அங்க மறுகல்யாணம் பண்ணியிருந்தா அதுல புது புருஷனோட கலோனியல் நம்பரும் இருக்க வாய்ப்பு இருக்கு. ரெண்டாவது, புரொடெக்டர் ஆபீஸ் கடித ஃபைலுங்க, கூலி குடுக்கல, அடிச்சாங்க, லீவு கேட்டேன்னு புகார் பண்ணவங்க பேரெல்லாம் அதுல கிடக்கு, கோவக்கார பொண்ணா இருந்திருந்தா நமக்கு லாபம். மூணாவது தான் எனக்கு ரொம்ப புடிச்சது, சாவுக்கு அப்புறம் சொத்து விஷயமா கோர்ட்டுக்கு குடுக்கற டெத் நோட்டீஸ். பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்துல இருக்கு. அதுல செத்தவங்களோட அப்பா அம்மா பேரு, பொறந்த இடம், புருஷன், பிள்ளைங்க எல்லாத்தையும் கேட்டு எழுதியிருப்பாங்க. அம்மா பேரு! கப்பல் லிஸ்ட்ல அந்த கட்டமே கிடையாது. முனியம்மாவுக்கு சொத்து இல்லாம நோட்டீஸ் இல்லன்னா அந்த பையனுக்கு தேடுங்க, அவனோட நோட்டீஸ்ல அம்மான்னு இவங்க பேரு வரும். நெட்டால் சிவில் ரெக்கார்டு நிறைய ஃபேமிலிசர்ச்ங்கற வெப்சைட்ல ஸ்கேன் பண்ணி போட்டிருக்காங்க, கணக்கு தொடங்க காசு கேக்க மாட்டாங்க.

இங்க நீங்க பண்ண வேண்டியது, பழைய பத்திரங்கள எடுத்து வைங்க. பாகப்பிரிவினை பத்திரத்துல அவங்க பேரு இருக்காது, அந்த காலத்துல பொண்ணுக்கு பங்கே கிடையாது, அதனால பேரு இல்லன்னா ஆளே இல்லன்னு அர்த்தம் இல்ல. ஆனா 1890கள்ல, 1900கள்ல அந்த வீட்ல நிலம் வித்தாங்களா, அடமானம் வச்சாங்களான்னு பாருங்க, பத்திர ஆபீஸ்ல வில்லங்கம் அவ்வளவு பின்னாடி கேட்டா முறைப்பாங்க, கைல எழுதின இன்டெக்ஸ் புக்க பாக்கணும்னு பொறுமையா மனு குடுங்க. நான் ஒரு ஆபீஸ்ல ஆறு தடவ போய் ஏழாவது தடவ தான் "நீங்க தான் அந்த கப்பல் அம்மாவா"ன்னு கேட்டு உள்ள விட்டாங்க.

அப்புறம் சாமி. டர்பன்காரர் வீட்ல குலதெய்வம் எது, பிள்ளைக்கு மொட்டை எந்த சாமிக்கு அடிச்சாங்கன்னு கேளுங்க. அங்க ஆடி மாசம் கூழ் ஊத்தறத பாரிட்ஜ் பிரேயர்னு சொல்லி இன்னைக்கும் பண்றாங்க, புரட்டாசி விரதமும் விடல. மொழி போயிருக்கும், கும்புடற முறை போயிருக்காது. குடியாத்தம் பக்கத்துக்காரங்கன்னா கெங்கையம்மன் பேச்சு எங்கயாவது வரும். உங்க குலதெய்வத்தோட பேர நீங்களே முதல்ல எடுத்து குடுத்துடாதீங்க, அவர் வாயால வரட்டும்.

டிஎன்ஏ டெஸ்ட் பண்ணலாமான்னு கேட்டா, பண்ணலாம், ஆனா சத்தியம் பண்ணி நம்பாதீங்க. நீங்களும் அவரும் மூணாவது தலைமுறை கசின், அந்த தூரத்துல பத்துல ஒருத்தருக்கு மேட்ச்சே காட்டாம போயிடும், அதுக்கு எதிரா நம்ம ஊர்ல மாமன் மகள், அக்கா மகள்னு கட்டிக்கிட்டே வந்ததால தூரத்து சொந்தக்காரங்களும் கிட்டத்து சொந்தம் மாதிரி காட்டும். உங்க பெரியம்மா கட்டிக்கிட்டு வந்தவங்களா இல்லாம அந்த தாத்தா வழி ரத்த சொந்தமா இருந்து, சம்மதிச்சா, அவங்களோடத எடுங்க, ஒரு தலைமுறை மேல இருக்காங்க இல்ல. வெத்தலைய துப்பிட்டு அரை மணி நேரம் கழிச்சு தான் எச்சில் எடுக்கணும்.

கேள்வி: மேடம், என் மனைவி வீட்ல ஆங்கிலோ இந்தியர். கிழக்கிந்திய கம்பெனி சோல்ஜரா வந்த முன்னோர் பேரு, ரெஜிமென்ட் எல்லாம் தெரியும், ஆனா அவர் கட்டிக்கிட்ட அம்மா யாருன்னு தெரியல. 1830கள் ஞானஸ்நான பதிவுல மேரின்னு மட்டும் இருக்கு. என் மனைவிக்கு அந்த மேரிய தான் தெரிஞ்சுக்கணும்.

பெரம்பூர் வாசகர்

பதில்: உங்க மனைவி கேக்கறது தான் கஷ்டமான கேள்வி சார். நம்ம அரசியல் சட்டமே ஆங்கிலோ இந்தியன்னா யாருன்னு சொல்லும்போது அப்பா வழில ஐரோப்பியர் இருக்கணும்னு தான் சொல்லுது, அம்மாவ பத்தி அதுல ஒரு வார்த்தையும் இல்ல. மெட்ராஸ் சர்ச்சுகள்ல நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூணுக்கும் காப்பி எடுத்து லண்டனுக்கு அனுப்பினாங்க, 1698ல இருந்து இருக்கற அந்த வரிசை இப்போ பிரிட்டிஷ் லைப்ரரில என் பை 2ங்கற நம்பர்ல இருக்கு, ஃபிபிஸ்னு ஒரு சங்கம் நிறைய பேர இலவசமா தேட விடறாங்க. மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள்ள செயின்ட் மேரீஸ் சர்ச் ஏட்டுல முதல் கல்யாணம் 1680ல, பின்னாடி மெட்ராஸ் கவர்னர் ஆன எலிஹு யேலுக்கும் கேத்தரின் ஹின்மர்ஸ்ங்கற விதவைக்கும் நடந்தது, அந்தம்மாவுக்கு முழு பேரு, முன்ன இருந்த புருஷன் பேரு எல்லாம் நமக்கு தெரியும். வெள்ளைக்கார பொம்பளைக்கு கிடைச்ச அந்த மரியாதை நம்ம ஊர் பொம்பளைக்கு கிடைக்கல, ஞானஸ்நானம் குடுக்கும்போது வச்ச மேரிங்கற பேரோட முடிஞ்சுது.

ஆனா வழி இருக்கு. பிள்ளைங்க ஞானஸ்நானத்த மட்டும் பாக்காம, அதுக்கு முன்ன ரெண்டு மூணு வருஷத்துல அதே சர்ச்ல வயசுக்கு வந்த பொம்பளைக்கு மேரின்னு ஞானஸ்நானம் நடந்திருக்கான்னு பாருங்க, கல்யாணத்துக்கு கொஞ்ச நாள் முன்னாடி தான் பெரும்பாலும் குடுப்பாங்க. ஞானத்தாய் யாருன்னு எழுதியிருந்தா அவங்க பேரையும் குறிச்சுக்கோங்க. சோல்ஜர் செத்த பிறகு உயில் இருக்கான்னு பாருங்க, ஏட்டுல எழுத கூசின பேர சாகும்போது உயில்ல எழுதியிருக்காங்க, "என் பிள்ளைகளின் தாய்"ன்னாவது ஒரு வரி வரும். பொம்பளைப் பிள்ளை இருந்திருந்தா மெட்ராஸ்ல 1787ல ஆரம்பிச்ச ஃபீமேல் ஆர்ஃபன் அசைலம் பக்கமும் ஒரு கண்ணு வைங்க, அப்பா செத்துட்டா அம்மா உயிரோட இருக்கும்போதே அந்த குழந்தைங்கள அநாதைன்னு சொல்லி சேத்த காலம் அது.

கேள்வி: எங்க ஆயா 1920கள்ல சிலோன் தேயிலை தோட்டத்துல பொறந்தவங்க, 1970கள்ல கோத்தகிரி வந்தாங்க. அவங்க அம்மா எந்த ஊரு?

கோத்தகிரி வாசகர்

பதில்: தம்பி, சிலோன் போனவங்க கங்காணி மூலமா போனவங்க, நெட்டால் மாதிரி ஆளுக்கு ஒரு வரி எழுதின கப்பல் ஏடு கிடைக்கும்னு எதிர்பாக்காதீங்க. முதல்ல வீட்ல இருக்கற தகரப் பெட்டிய தொறங்க. திரும்பி வரும்போது குடுத்த பாஸ்போர்ட்டு, ஃபேமிலி கார்டு ரெண்டும் யாராவது ஒருத்தர் பத்திரமா வச்சிருப்பாங்க. அடுத்து ஆயாவோட பிறப்பு பதிவு, தோட்டத்துல பொறந்தா துரை, அதாவது தோட்டத்து மேனேஜர் தான் ரிப்போர்ட் பண்ணணும், அதனால தோட்டத்தோட பேரும், எந்த டிவிஷன், எந்த லயம் (கூலிக்காரங்க குடியிருந்த வீட்டு வரிசை)னும் ஞாபகம் இருக்கறவங்கள கேட்டு எழுதிக்கோங்க, தோட்டம் பேரு தெரியாம பதிவு கிடைக்காது. கங்காணி பேரு தெரிஞ்சா பாதி கிணறு தாண்டின மாதிரி, அவர் தன் ஊர், தன் சொந்தபந்தத்துல இருந்து தான் ஆள் கூட்டிட்டு போயிருப்பாரு. பெரட்டுக்கு (காலைல வேலைக்கு ஆள் எண்றதுக்கு) பேர் கூப்பிடும்போது அவங்க அம்மாவ என்னன்னு கூப்பிட்டாங்கன்னு ஆயா உயிரோட இருந்தா இன்னைக்கே கேளுங்க, இந்த பதில படிச்சு முடிச்ச உடனே.